நடுவழியில் நிற்காத வண்டி

கம்பம் மெட்டு மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது என் முன்னால் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. பேட்டரிப் படம், எண்ணெய்ப் படம், மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது. கொண்டை ஊசி வளைவுக்காகக் கிளட்சை மிதித்து, கியர் மாற்றப் போன நேரம். ஸ்டியரிங் கையில் இறுகிப் போனது. பிரேக்கை மிதித்தேன். முதல் மிதிக்குக் கேட்டது. அடுத்த மிதிக்கு அரைகுறையாகக் கேட்டது. அதற்கப்புறம் சுவரை மிதிப்பதுபோல் இருந்தது. முன்னால் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை; ரொம்பக் கீழே தென்னந்தோப்புகளும் கம்பத்து வீடுகளும் தெரிந்தன. கைபிரேக்கை இழுத்துக்கொண்டே, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பினேன். சக்கரம் ஓரத்து வாய்க்காலில் இறங்கி, வண்டி பாறையில் உரசி நின்றது.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "ஏய், நியூட்ரல்ல விட்டுட்டியா?" என்றுதான்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே எங்கே போனாலும் மலை ஏறி இறங்க வேண்டும்; மலையுச்சிக் கணவாயைத்தான் மெட்டு என்போம். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டு, அடிவாரம் வரை எண்ணெய்ச் செலவில்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு வருவது எங்கள் ஆட்களுக்கு ஒரு சாமர்த்தியம். "மெட்டுல அணைச்சேன், அடிவாரம் செக்போஸ்ட்லதான் திரும்பப் போட்டேன்" என்று கல்யாண வீட்டில் உட்கார்ந்து பெருமை பேசுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் பட்டம் வாங்கியவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகுதான் ஓட்டுவதை என்னிடம் விட்டார். நான் ஒரு நாளும் அப்படி இறக்கியதில்லை. பயந்தாங்கொள்ளி என்று அதற்காகவே கேலி வாங்கியவள். அதனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"கியர்லதாங்க இருந்துச்சு. தானா அணைஞ்சிருச்சு" என்றேன்.

"தானா அணையுமா? அந்தக் கம்பெனி வண்டியா?"

அந்தக் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு அவசியமும் இல்லை. ‘அந்தக் கம்பெனி’ என்றாலே எல்லாருக்கும் விளங்கிவிடும். நடுவழியில் நிற்காது என்பதுதான் அதன் கீர்த்தி. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூடப் பையன் என்ன வண்டி வைத்திருக்கிறான் என்று விசாரித்து, அந்தக் கம்பெனி என்றால் விவரமான பையன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாங்கள் வண்டி வாங்கிய அன்று ராயப்பன்பட்டி மாதா கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கச் சொன்னோம். தீர்த்தம் தெளித்த சாமியார், "இதுக்கு மந்திரிக்கவே வேண்டாமே, நடுவழியில நிக்காத வண்டியாச்சே" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் பூரித்துப்போனார். அன்றிலிருந்து கேட்டவர் கேட்காதவர் எல்லாரையும் அதே வண்டியை வாங்கச் சொன்னார். மலைமேல் இருக்கிற எங்கள் சம்பந்தியையும் விடவில்லை. அதே மாடல், அதே வெள்ளை.

அன்றைக்கு அந்தச் சம்பந்தி வீட்டிலிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தோம். நெடுங்கண்டத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஏலத்தோட்டம். எங்கள் ஒரே மகளை அங்கே கொடுத்திருந்தோம். மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்து, கை நிறைய தின்பண்டங்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போகும்போது சந்தோஷத்தில் நான் பாட்டுகூடப் பாடினேன். இப்போது சாய்ந்து நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து, இழுத்த கைபிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாசம் வளையல் போட்டு, கட்டுச்சோறு கொடுத்து, தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டி வர வேண்டும். இதே சாலை. இதே வளைவு. இதே வண்டி. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி உயிர் பெற்றது.

"பாத்தியா?" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அங்கேயே இறக்கிவிட்டு வந்திருப்பேன். தனியாக ஓட்டப் பயமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

தேனியில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். குளுகுளு அறை, காபி, கழுத்துப்பட்டை கட்டிய பையன்கள். உள்ளே எதையோ சொருகிப் பார்த்துவிட்டு ஒருவர் வந்தார்.

"ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டலை மேடம். இந்த மாடல்ல அப்படி ஒரு கம்ப்ளைண்டே வந்ததில்ல."

"இப்ப வந்திருக்கேன்ல?"

"நீங்க இறக்கத்துல நியூட்ரல்ல ஏதும்..."

வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு சங்கடம். நான் உத்தமபாளையத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். "இங்கன வலிக்குதும்மா, உசிரு போகுது" என்று சொல்கிறவர்கள் கையில் ‘எல்லாம் நார்மல்’ என்று தினமும் தாள் கொடுக்கிறவள். அவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வையோடு நான் அன்றைக்கு நின்றேன். வண்டியைப் பளபளவென்று கழுவி, கால் வைக்கும் இடத்தில் புதுக் காகிதம் விரித்து, சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் போடியில் ஒரு சிநேகிதர், ஏலக்காய் வியாபாரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ரொம்பத் தீர்க்கமாகச் சொன்னார்: "அந்தக் கம்பெனி வண்டி நிக்குதுன்னா அது வண்டிக் கோளாறு இல்லை, கிரகக் கோளாறு. மதம் கிதம் பாக்காதீக. குச்சனூர் போயி சனீஸ்வரருக்கு ஒரு எள்ளு விளக்குப் போட்டுட்டு வந்துருங்க." கிரகத்தின்மேல் பழி போடத் தயார், கம்பெனியின்மேல் போட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற நான், பயத்தில் ஒரு சனிக்கிழமை குச்சனூருக்கும் போனேன். அங்கே வண்டி நிறுத்தும் இடத்தில் எங்கள் வண்டியைப் போலவே வரிசையாக வெள்ளை வண்டிகள். திரும்பி வந்து என் வண்டி எது என்று தேட வேண்டியதாயிற்று. இத்தனை பேரும் எதற்காக விளக்குப் போட வந்தார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது.

அந்த நினைப்பு வீண்போகவில்லை. ஒரு நாள் காலையில் கம்பம் ரோட்டில், அனுமந்தன்பட்டியைத் தாண்டும்போது, மறுபடி அந்த விளக்குகள் எல்லாம் எரிந்தன. சமதளம்தான். ஆனால் பின்னால் தேங்காய் லாரி. அவன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே என் கண்ணாடியை நிறைத்தபடி வந்தான். எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. லாரி போன காற்றில் வண்டி ஆடியது. கதவைத் திறந்து இறங்கினேன்.

எனக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. எங்களுடையதைப் போலவே அதே வெள்ளை வண்டி, பின்கண்ணாடியில் மட்டும் பெரிதாக ஒரு பச்சைக்கிளி ஸ்டிக்கர். அதிலிருந்து இறங்கியவரை எனக்குத் தெரியும். அந்த ஊரில் உரக்கடை வைத்திருப்பவர், சர்க்கரை பார்க்க மாதாமாதம் என்னிடம் வருகிறவர். தண்ணீர் கொடுத்தார். பிறகு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டார்.

"அக்கா, உங்களுதும் நிக்குதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளில் நான் சொல்லாமலே என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். "உங்களுதுமா தம்பி? அப்ப ஏன் சொல்லலை? போன மாசம்கூட லேப்ல உக்காந்து, வண்டின்னா இதுதான் வண்டின்னு சொன்னீகளே!"

"எப்படிக்கா சொல்றது? நாளைக்கு விக்கணும்ல? ஊருக்குள்ள தெரிஞ்சா எவன் வாங்குவான்? நீங்களும் வெளிய சொல்லிராதீக. உங்களுக்கும்தான் நட்டம்."

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் வண்டியை யாரும் முன்பின் தெரியாதவரிடம் விற்பதில்லை. அஞ்சாறு வருஷம் ஓட்டிவிட்டு, பக்கத்துத் தெருவுக்கோ பங்காளிக்கோதான் கொடுப்பது. அதனால் பெண்ணுக்குக் குறை சொன்னால் எப்படி வரன் தட்டிப்போகுமோ, அப்படி வண்டிக்குக் குறை சொன்னால் ஆள் வராது. அதற்கப்புறம் நான் வேலையில் ஒரு தந்திரம் செய்தேன். அந்தக் கம்பெனி வண்டியில் வருகிறவர்களிடம், கையில் பட்டை கட்டி ஊசியை ஏற்றும்போது, "வண்டி இறக்கத்துல நிக்குதாமே?" என்று கேட்டுவிடுவேன். ஊசி உள்ளே இருக்கும்போது யாருக்கும் பொய் சொல்ல வருவதில்லை. ஒரு பல் டாக்டர், "ரெண்டு தடவை" என்றார். ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா, "எங்க வீட்டுல வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்றார். சிலர் தங்கள் வண்டி தங்கம் என்று சொன்னார்கள், அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நின்ற வண்டிக்காரர்களும் பட்டையை அவிழ்த்து, பஞ்சை அமுக்கிக்கொண்டு எழுந்தவுடன், "ஆனாலும் நல்ல வண்டிதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். "ஊரு ஆயிரம் பேசும்" என்று அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவர் காதில் ஏறவில்லை. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்த விளக்குகள். மகள் போனில் பேசும்போது பிள்ளை வயிற்றுக்குள் உதைக்கிறது என்று சிரிப்பாள், நானும் சிரிப்பேன், போனை வைத்ததும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

ஏழாம் மாசமும் வந்தது. வாடகை வண்டி வைத்துப் போகலாம் என்றேன்.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கையில பிள்ளைத்தாச்சிய வாடகை வண்டியிலயா கூட்டியாறது? அவுகளை இதே வண்டிய வாங்கச் சொன்னவன் நான். நான் வாடகை வண்டியில போயி இறங்குனா சம்பந்தி என்ன நினைப்பாக?"

அவர் சொல்வதைக் கேட்காமல் நானே உத்தமபாளையத்தில் ஒரு டாக்ஸிக்குச் சொல்லி வைத்தேன். காலையில் வாசலில் வந்து நின்றது. அதே கம்பெனி, அதே மாடல். நான் படியிறங்காமல் நின்றுவிட்டேன். "பயப்படாம ஏறுங்கக்கா, இந்த வண்டி நடுவழியில நிக்காது" என்றார் டிரைவர். என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டாக்ஸியைத் திருப்பி அனுப்பினேன். எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்று தெரிந்த வண்டியை, அது தெரிந்த நானே ஓட்டுவது மேல் என்று பட்டது.

இறங்கும்போது எப்படி இறங்குவது என்று எனக்குள் ஒரு முடிவு செய்து வைத்திருந்தேன். முதல் கியரில் போட்டு, கிளட்சையே தொடக் கூடாது. இன்ஜின் அணைந்தாலும் கியர் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இறங்க ஆரம்பிப்பதற்குள் நாம் அடிவாரம் சேர்ந்துவிட வேண்டும். அந்த ஜீப்புகள் சாயங்காலம் கம்பத்துக்கு இறங்குகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் பயந்தேன் என்று தெரியும்.

ஆனால் விசேஷ வீட்டில் நம் நேரமா செல்லும்? வளையல் போட ஒரு அத்தை வந்து சேரவில்லை. செபம் நீண்டது. கட்டுச்சோற்றில் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று எல்லாவற்றையும் எல்லாரும் தின்று முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நான் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குத் தோட்டத்தில் காய் எடுப்பு நடக்கிற நேரம், அவரால் வர முடியாது. மகளைப் பின்சீட்டில் அவள் அப்பாவோடு உட்கார வைத்தேன். கை நிறைய கண்ணாடி வளையல். வழியனுப்ப வந்த சம்பந்தி என் பக்கத்துக் கண்ணாடி அருகில் குனிந்து, "மெதுவாப் போங்க மதினி" என்றார். ஏதோ சொல்ல வந்தவர், என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மெட்டைத் தாண்டியதும் முதல் கியரில் போட்டேன். இன்ஜின் உறுமிக்கொண்டே நடைவேகத்தில் இறங்கியது. பின்னால் ஜீப்புகள் சேர்ந்துவிட்டன. ஒலிப்பான் சத்தம் மலையில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்தது. ஒரு ஜீப் முந்தும்போது உள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டி என்னமோ திட்டினாள். என் கழுத்து வியர்வையில் நனைந்துவிட்டது. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை ஆடுவதைப் பார்க்கக்கூட நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா இப்படி ஊருற? ரெண்டாவது கியராவது போடேன்" என்றாள் மகள்.

"சும்மா இரு."

"வண்டி நின்னுரும்னு பயப்படுறியா?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்றுதான் யோசித்தேன். அவளே சொன்னாள்.

"மாமா வண்டியும் நிக்குதும்மா. செக்கப்புக்குக் கூட்டிப் போனாகள்ல, அப்ப ஒரு இறக்கத்துல நின்னுச்சு. நானும் உள்ளதான் இருந்தேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாக. அப்பா ஆசையாச் சொல்லி வாங்க வச்சது, கேட்டா மனசு சங்கடப்படுவாகன்னு."

என் மகள், வயிற்றுப் பிள்ளையோடு, ஏதோ ஒரு இறக்கத்தில் பிரேக் இல்லாத வண்டிக்குள் இருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. மரியாதைக்காக எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு யாரை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வளைவு வந்தது. அப்போதுதான் விளக்குகள் எரிந்தன.

சத்தம் அடங்கியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முதல் கியர் பிடித்து இழுக்க, தயங்கித் தயங்கி உருண்டது. என் கால் கிளட்சுக்குப் போகத் துடித்தது. "மிதிக்காதே, மிதிக்காதே" என்று வாய்விட்டுச் சொன்னேன். கைபிரேக்கை இழுத்து, இரும்பாகிப்போன ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன். பின்னால் வந்த ஜீப்பின் டயர் சாலையில் தேய்கிற சத்தம் கேட்டது. மகள் "அம்மா!" என்று கத்தினாள். வளையல்கள் எங்கேயோ மோதி உடைந்தன. இடித்துவிட்டான், முடிந்தது என்று கண்ணை மூடினேன். வண்டி வாய்க்காலில் இறங்கி நின்றது. ஜீப், எங்கள் பின்கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்தது.

ஜீப்பிலிருந்து தோட்ட வேலைப் பெண்கள் குதித்து இறங்கினார்கள். திட்டத்தான் வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள், "ஆத்தாடி, பிள்ளைத்தாச்சி!" என்று கல் பொறுக்க ஓடினார்கள். சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்தார்கள். மகளுக்கு அடி எதுவும் இல்லை; உடைந்த வளையல் மணிக்கட்டில் கீறியிருந்தது, அவ்வளவுதான். அவளைத் தாங்கிப் பிடித்து ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் முதுகுக்கு வைத்துவிட்டு, எங்கள் வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"இது அந்தக் கம்பெனி வண்டிதான? இது நிக்காதும்பாகளே!"

என் வீட்டுக்காரர் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கல். அதைச் சக்கரத்துக்கு வைக்க எடுத்தவர், வைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார். "கியர்லதான் இருந்துச்சு" என்றார். "நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். நீ கிளட்சுல காலையே வைக்கலை." நான் கல்லை வாங்கிக் கீழே போட்டேன்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். வண்டியை மறுபடி தேனியில் விட்டோம். இந்த முறை எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் எதையோ கழற்றி மாற்றினார்கள். அப்படியானால் குறை இருந்திருக்கிறதே என்றேன். "கம்ப்ளைண்ட் இல்லை மேடம், சும்மா ஒரு அப்டேட்" என்றார் அதே ஆள். "இனிமே நிக்காதுல்ல?" என்று கேட்டேன். "இதுக்கு முன்னாடியும் எங்க ரெக்கார்டுல நின்னதா இல்லையே மேடம்" என்றார்.

பேரன் தவழ ஆரம்பித்த சமயம், விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். கோம்பையிலிருந்து ஒரு பையன் வந்தான். மலைத்தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிற தொழில். கூடவே மனைவி, அவள் இடுப்பில் எங்கள் பேரன் வயசில் ஒரு குழந்தை. வண்டியைச் சுற்றி வந்து, "எப்படி அண்ணே, பிரச்சினை ஏதும் உண்டா?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். முதல் தடவை நின்றதிலிருந்து ஜீப் வரை எல்லாவற்றையும் சொன்னேன். எதையோ மாற்றியிருக்கிறார்கள், சரியாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அந்தக் கம்பெனி வண்டியா நிக்குதுங்கிறீக? அக்காவுக்கு வண்டிய விட மனசில்லைன்னு நேரா சொல்லிருங்க!" அவன் மனைவியும் சிரித்தாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அந்தக் குழந்தையைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. "ஆமா, மனசில்லை" என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர்கள் போய்விட்டார்கள். வண்டி எங்கள் தோட்டத்துக் கொட்டகையில்தான் நிற்கிறது. சமதளத்தில் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் போய் வருவதோடு சரி.

கொஞ்ச நாள் கழித்து லேபுக்கு வெளியே ஒலிப்பான் சத்தம் கேட்டு வந்தேன். அதே பையன் வெள்ளை வண்டியில் உட்கார்ந்திருந்தான். மனைவி முன்சீட்டில், மடியில் குழந்தை. இறங்கி வந்து என் கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டியைக் கொடுத்தான்.

"நீங்க தரலைன்னா என்னக்கா, அதே வண்டி கிடைச்சிருச்சு பாருங்க. ஒரு குறையும் இல்லைன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தாரு."

நான் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் அதே பச்சைக்கிளி.

"எங்கன போறீக?" என்று கேட்டேன்.

"கம்பம் மெட்டு வழியா மேல. இவளுக்கும் நான் வேலை பாக்குற இடத்தைக் காட்டலாம்னு."

அவன் ஏறி உட்கார்ந்ததும் நான் ஓடிப்போய் அவன் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, இறங்கும்போது முதல் கியர்ல போட்டு இறங்கு. கிளட்சைத் தொடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"முதல் கியர்ல இறங்குனா மைலேஜ் என்னக்கா ஆகும்?" அவன் சாவியைத் திருப்பினான். "மெட்டுல அணைச்சா அடிவாரத்துலதான் போடுவேன் நானு."

குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள் அவள். வண்டி கம்பம் ரோட்டில் திரும்பிப் போனது. உரக்கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உள்ளே ரத்தம் கொடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அன்று சாயங்காலம்வரை யாருக்கும் என்னால் ஊசி போட முடியவில்லை.